மெழுகுவது யார்?

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே, செம்மண் பூமியில், அம்மாவின் பேரில் 22 சென்ட் மனை இருக்கிறது. அதில் பாட்டி காலத்து மண்வீடு ஒன்று நின்றிருந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பெய்த மழையில் அதன் தெற்குச் சுவர் கரைந்து விழுந்தது. ஆளில்லாத வீடு என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மண்ணோடு மண்ணாகக் கிடந்த அந்தச் சுவரை அங்கேயே குழைத்து மறுபடி எழுப்பிவிடலாம் என்று தோன்றியது. சிமெண்ட் வீடு இடிந்தால் குப்பை மிஞ்சும். மண்வீடு இடிந்தால் மண்தான் மிஞ்சுகிறது.

நாங்கள் நான்கு தோழிகள். எல்லோரும் எழுதுகிறவர்கள். பெண்கள் வந்து பத்து நாள் தங்கி எழுத ஒரு வீடு வேண்டும் என்று பல வருடங்களாகப் பேசிவந்தோம். எங்களில் ஒருத்தி பேருந்தில் நின்றபடி கைபேசியில் எழுதுவாள். இன்னொருத்தி குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு எழுதுவாள். என் இரண்டாவது தொகுப்பில் பாதி, விடைத்தாள் திருத்தும் மையங்களில் தேநீர் இடைவேளையில் எழுதியது. இனி அந்த மனையிலேயே, மண்ணிலேயே கட்டிவிடலாம் என்று முடிவு செய்து அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கட்டிக்கோ. மண்ணுலயே கட்டிக்கோ. யாரு மெழுவுறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாண்டுகள் ஆகப்போகின்றன. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடியதைப் பற்றியது.

மெழுகுதல் என்ற வேலையை இன்றைய மாணவிகள் பலர் பார்த்ததில்லை. விடியும் முன் சாணம் பொறுக்கி வர வேண்டும். அதைத் தண்ணீரில் கரைத்து, தும்பு தூசி எடுத்து, கறுப்பு நிறம் வேண்டுமென்றால் வைக்கோல் எரித்த கரியைச் சேர்க்க வேண்டும். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, உள்மூலையில் தொடங்கி, வலது கையால் அரைவட்டம் அரைவட்டமாகப் பூசியபடி வாசல்வரை பின்னால் நகர்ந்து வர வேண்டும். அந்த அரைவட்டத்தின் அளவு ஒரு பெண்ணின் கை நீளம். எங்கள் வீட்டில் வாரா வாரம் வியாழக்கிழமை மாலை மெழுகினார்கள். மறுநாள் வெள்ளி. விசேஷம் என்றால் கூடுதலாக ஒரு தடவை. பொங்கலுக்கு முன்பு சுவர் விரிசல்களில் மண் அப்பிப் பூச வேண்டும். மழை முடிந்தால் சாரல் அரித்த அடிச்சுவரைச் சரிசெய்ய வேண்டும். எலி வளையை அடைக்க வேண்டும், கரையான் ஏறினால் சுரண்டி எடுக்க வேண்டும். நான் வயிற்றில் இருந்த ஒன்பதாவது மாதத்திலும் அம்மா மெழுகியிருக்கிறார். மாதவிடாய் நாட்களில் மட்டும் அவர் அந்தத் தரையைத் தொடக் கூடாது. அந்த வாரம் பாட்டியின் முறை.

கூரை வேய்வது வேறு. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆண்கள் வந்து விழல் மாற்றுவார்கள். அவர்களுக்குக் கூலி உண்டு, சோறு உண்டு, சாயங்காலம் கள்ளுக்குக் காசும் உண்டு. அது வேலை என்று கணக்கில் ஏறியது. மெழுகியதற்கு ஒருவரும் கணக்கு வைக்கவில்லை. வீடு நின்றது இரண்டாலும்தான்.

அம்மா கேட்டபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது வேறொரு தரை. சில ஆண்டுகளுக்கு முன்பு, காட்டோரம் அமைந்த ஒரு கலைஞர் தங்குமிடத்தில் மூன்று வாரம் இருந்தேன். அழகான இடம். மண்சுவர், நாட்டு ஓடு, சாணம் மெழுகிய தரை. மின்விசிறி இல்லாமலே மதியம் தூங்க முடிந்தது. அங்கே முதல் வாரத்திலேயே அம்மாவின் மெழுகிய தரையைப் பற்றி நான்கு கவிதைகள் எழுதினேன். ஒரு காலை, அறையைக் கொஞ்சம் ஒதுக்கித் தரச் சொன்னார்கள். தரை மெழுக ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன். என் கவிதையில் இருந்த அதே அரைவட்டம், பத்தடி தள்ளி, அவர் கையில் நகர்ந்துகொண்டிருந்தது. என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

முடித்துவிட்டு அவர் கை கழுவ வந்தபோது, "உங்க வீட்டுலயும் இப்படித்தானா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. எங்களுது பசும வீடு. டைல்ஸ் போட்டுட்டோம். இடுப்பு போயிடுச்சு, இத யாரு வாரா வாரம் செய்யிறது?"

அவர் சொன்னது 2011இல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தை. 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, சூரிய மின்சக்தியில் எரியும் விளக்கு. அவருக்குப் பசுமை என்பது சிமெண்ட் தளமும் சூரிய விளக்கும். எனக்குப் பசுமை என்பது அவர் விட்டு விலகி வந்த சாணித்தரை. அங்கிருந்த மூன்று வாரமும் எனக்காக அவர் மூன்று முறை குனிந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த நான்கு கவிதைகளையும் எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் வெளியிடவில்லை.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில், எழுத நினைக்கும் பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் வேண்டும் என்றார். நாங்கள் அதை வகுப்பறையில் ஓயாமல் சொல்கிறோம். அவருக்கு ராட்மெல் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் எழுதுவதற்கென்றே ஒரு மரக்குடில் இருந்தது. அவர் வீட்டில் 1916 முதல் 1934 வரை சமையல் வேலை செய்த நெல்லி பாக்ஸல் என்ற பெண்ணும் இருந்தார். வுல்ஃபின் நாட்குறிப்புகளில் நெல்லியோடு நடந்த சண்டைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. அறையைப் பற்றிப் பேசும்போது நெல்லியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதை அந்தத் தங்குமிடத்தில்தான் கற்றேன்.

அதற்காக மண்ணைக் கைவிட்டுவிட முடியாது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். சூடேற்ற எரிக்கும் எரிபொருள் ஒரு பக்கம் புகைகிறது. கல்லே உடைந்து கரியமில வாயுவை விடுவது இன்னொரு பக்கம். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டால் வருகிறது. சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்தின் கீழ் சமைக்கிற பெண்ணுக்கு இந்த எண் தேவையில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் அதைத் திருப்பிக் கக்குவது அவருக்குத் தெரியும். எனவே கேள்வி மண்ணா சிமெண்டா என்பதல்ல. மண்ணின் குளிர்ச்சி வேண்டும், அதைக் காக்க ஒரு பெண்ணின் இடுப்பு உடையவும் கூடாது. அப்படி ஒரு வீடு உண்டா?

தேடிப் போனதில், வழி அடுத்த ஊரிலேயே இருந்தது. ஆரோவில் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம். அங்குள்ள பார்வையாளர் மையத்துக்குச் சிறுவயதில் சுற்றுலாவாகப் போயிருக்கிறேன். அது அழுத்திய மண்கல்லால் கட்டியது என்றோ, வடிவமைத்தவர் சுகாசினி ஐயர் என்ற பெண் என்றோ அப்போது தெரியாது. 1992இல் எளியோருக்கான கட்டடக் கலைக்குத் தரப்படும் ஹசன் ஃபாத்தி விருது அதற்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. யாரும் அதை மெழுகுவதில்லை.

அந்தக் கல்லின் சூத்திரம் எளிது. வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணை எடுத்துத் தோட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். அடிமண்ணைச் சலித்து, தேவையானால் மணல் சேர்த்து, 5 விழுக்காடு அளவுக்குச் சிமெண்ட் கலந்து, லேசாக ஈரப்படுத்தி இயந்திரத்தில் அழுத்த வேண்டும். சூளையில் வேகவைப்பதில்லை, அதனால் விறகும் இல்லை. நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் கல் இறுகிவிடுகிறது. மண் சரியானதா என்று அறிய ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் தனித்தனியாகப் படியும். எங்கள் மனை மண்ணை அம்மாவின் ஊறுகாய்ப் பாட்டிலில் குலுக்கி வைத்தேன். மறுநாள் அம்மாவே அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மணலு ஜாஸ்தி. நல்ல மண்ணுதான்" என்றார். பொறியாளரும் பிறகு அதையேதான் சொன்னார்.

வரைபடம் போட்டது எங்கள் தோழி ஒருத்தியின் மகள், கட்டடக் கலை இறுதியாண்டு மாணவி. அவள் முதலில் கொண்டுவந்த படத்தில் கழிப்பறை தோப்பின் கோடியில் இருந்தது. இயற்கையோடு ஒன்றிய நடை என்று எழுதியிருந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். இருட்டுவதற்காகக் காத்திருந்து, நாலு பெண்கள் சேர்ந்து ஏரிக்கரைக்குப் போன முப்பது வருடத்தைப் பற்றி அவளிடம் சொன்னார். அந்த முப்பது வருடமும் மத்தியானத்துக்கு மேல் அவர் தண்ணீர் குடித்ததில்லை. அவள் அழிப்பானை எடுத்து அப்போதே மாற்றினாள். இப்போது ஒவ்வோர் அறையோடும் கழிப்பறை உண்டு. கழிவுநீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது.

மற்ற முடிவுகளும் அம்மாவின் கேள்வியிலிருந்து வந்தவைதான். அடிச்சுவரைச் சாரல் அரிப்பதால்தானே பூச வேண்டியிருக்கிறது? தரைக்கு மேல் இரண்டடி உயரத்துக்குக் கருங்கல் கட்டினோம். கூரையை மூன்றடி வெளியே நீட்டினோம். பழைய வீட்டின் பனங்கைகளில் நல்லவற்றைப் பொறுக்கி ஓட்டுக் கூரைக்குப் பயன்படுத்தினோம். தரைக்குக் கடப்பைக் கல். தண்ணீர் தொட்டு நின்றபடியே துடைத்துவிடலாம். மண் எடுத்த பள்ளத்தை மூடாமல் மழைநீர்க் குளமாக விட்டோம். அடுப்பங்கரையைப் பின்கட்டுக்குத் தள்ளாமல் திண்ணையை ஒட்டி வைத்தோம். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்பது விதி. விதியை எழுதிப் போட்டால் மட்டும் நடக்காது, கழுவும் தொட்டி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஒளித்து வைத்த அடுப்பங்கரையில்தான் வேலை ஒருத்தி தலையில் விழும்.

இத்தனையும் காகிதத்தில் சரியாகிவிட்டது. சுவர் எழும்பத் தொடங்கியதும் அம்மாவின் கேள்வி வேறு உருவத்தில் வந்து நின்றது.

24 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம், 9 உயரம். ஒரு மண்கல் ஏறத்தாழ 10 கிலோ. எங்கள் வீட்டுக்கு 4,500 கல். இவ்வளவு கல்லும் அடுக்கிலிருந்து சுவருக்கு யாருடைய தலையில் வந்தது என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். 45 டன். மூன்று சித்தாள்கள், மூவரும் பெண்கள். கொத்தனார்கள் இருவரும் ஆண்கள். கொத்தனாருக்கு நாளுக்கு 1,100 ரூபாய், சித்தாளுக்கு 600. ஆண் பெண் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்றது அது. அதனால்தான் வேலையே ஒரே மாதிரி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கரண்டி அவன் கையில், சட்டி அவள் தலையில். பையன் ஒருவன் சித்தாளாகச் சேர்ந்தால் மூன்று வருடத்தில் கொத்தனார் ஆகிறான். பெண் சித்தாளாகச் சேர்ந்தால் சித்தாளாகவே கிழவியாகிறாள்.

பெண்கள் உருவாக்கிய கலைஞர் குடியிருப்புகள் நம் நாட்டில் உண்டு. பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் புரோதிமா பேடி 1990இல் நிருத்யகிராமத்தைத் தொடங்கினார். ஜெரார்ட் டா குன்ஹா அதைக் கல்லாலும் மண்ணாலும் வடிவமைத்தார். காங்ரா பள்ளத்தாக்கின் அந்த்ரேட்டாவில் அயர்லாந்திலிருந்து வந்த நாடகக்காரர் நோரா ரிச்சர்ட்ஸ் மண்வீட்டில் வாழ்ந்தபடி கலைஞர்களைக் கூட்டினார். ஆரோவில்லில் அனுபமா குண்டு, நம் ஊர்ச் சூளைகளின் சன்னமான அச்சுக்கல்லைக் கொண்டு கட்டிய சுவர் வீடு உலகக் கண்காட்சிவரை போனது. இந்தப் பெயர்களைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நிறுவியவர் பெயரும் வடிவமைத்தவர் பெயரும் நிலைக்கின்றன. சுமந்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

அந்த வாரம் வகுப்பில் நெடுநல்வாடை நடத்தினேன். நண்பகல் நிழலைக் கொண்டு திசை குறித்து, நூலிட்டு அளந்து அரண்மனை கட்டும் பகுதி. கட்டடக் கலை அறிவுக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது. பின் வரிசை மாணவி கேட்டாள்: "மண் சுமந்தவங்களப் பத்தி ஏதாவது வருதா மேடம்?" இல்லை என்றேன். இன்னொருத்தி சொன்னாள்: "புட்டுக்கு மண் சுமந்தாரே, சிவன்?" வகுப்பு சிரித்தது. எனக்கு அது சிரிப்பாக இல்லை. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று வந்தபோது, ஆளில்லாத கிழவி வந்தியின் பங்கும் கழிக்கப்படவில்லை. அவளுக்காகக் கடவுள் வந்து மண் சுமந்ததால் அது புராணமாயிற்று. தாங்களே சுமந்த பெண்களுக்குப் புராணம் இல்லை.

எங்கள் சித்தாள்களில் மூத்தவர் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருப்பவர். கொத்தனார் தூக்குக்குண்டு போடும் முன்பே, "அண்ணே, மூணாவது வரி வெளிய தள்ளுது" என்று கீழேயிருந்து சொல்லிவிடுவார். சொன்னது சரியாகவே இருக்கும். ஒருநாள் அவரிடம், "அக்கா, உள்சுவர் ஒண்ணு நீங்க கட்டுறீங்களா? அந்த நாளுக்குக் கொத்தனார் கூலிதான்" என்றேன். அவர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, பொம்பள கட்டுன செவுத்துமேல நான் கூர ஏத்த மாட்டேன். நாளைக்கு விழுந்தா எம் பேருதான் கெடும்."

உள்சுவரில் கூரை உட்காராது என்று விளக்கினேன். அவர் கரண்டியைக் கழுவிச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். உதவிக் கொத்தனாரும் பின்னாலேயே போனார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது, சுவர் பாதியில் நின்றது. தோழிகளில் ஒருத்தி கோபமாகவே கேட்டாள்: "வீடு கட்ட வந்தியா, புரட்சி பண்ண வந்தியா? மழை வந்தா யாரு பதில் சொல்றது?" அவள் பணமும் அதில் இருந்தது. அவள் கேட்டது நியாயம்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைவிட, அந்த அக்காவுக்கு இனி அந்தக் கொத்தனாரிடம் வேலை கிடைக்காதே என்பதுதான் உறுத்தியது. அவரைக் கேட்காமல் அவர் பிழைப்பைப் பணயம் வைத்துவிட்டேன். நல்லது செய்வதாக நினைத்து நான் செய்ததிலும் ஓர் அதிகாரம் இருந்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். "அவன் போனா போறான் டீச்சரம்மா. கேரளாவுல பொம்பளைங்களே கட்டுறாங்களாமே, எங்க நாத்தனா பொண்ணு போன்ல காமிச்சா. நான் வரேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அங்கே குடும்பஸ்ரீ பெண்கள் பயிற்சி எடுத்து, குழுவாக முழு வீடுகளையே கட்டிக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சுவரைக் கட்ட அவருக்கு ஆறு நாள் பிடித்தது. கொத்தனார் என்றால் மூன்று நாளில் முடித்திருப்பார். மேல் வரிசையில் அரை அங்குலம் உள்வாங்கியிருக்கிறது. பூசி மறைக்கலாம் என்றாள் மாணவி. அக்கா வேண்டாம் என்றார். "இருக்கட்டும். அடுத்ததுல சரியா வரும்." வெளிச்சுவரை முடிக்கவும் கூரை ஏற்றவும் திண்டிவனத்திலிருந்து வேறொரு கொத்தனார் வந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நாள் தன் ரசமட்டத்தை அக்காவிடம் கொடுத்து, "இதையும் பார்த்துப் பழகிக்குங்க" என்றார். செலவு நாங்கள் போட்ட கணக்கைத் தாண்டியது. முதல் மழைக்கு முன் ஓடு போட முடியவில்லை, தார்ப்பாய் போட்டுக் காத்தோம். கோபித்துக்கொண்ட தோழிதான் ராத்திரியில் வந்து தார்ப்பாயின் நான்காவது முனையைப் பிடித்தாள்.

வீடு முடிந்து அம்மா வந்து பார்த்தார். சுவரைத் தடவினார். தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். "சில்லுனு இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாணி வாசம்தான் இல்ல" என்றார். குறையாகச் சொன்னாரா நிம்மதியாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

கடைசிக் கூலியை வாங்க வந்த அன்று அக்கா திண்ணையில் உட்கார்ந்து, "இந்த வூடு எதுக்கு டீச்சரம்மா? யாரு குடி வர்றாங்க?" என்று கேட்டார். எழுதுகிற பெண்கள் வந்து தங்குவார்கள் என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். சமையல் யார் என்று கேட்டார். முறை வைத்து அவர்களே என்றேன். அவர் தான் கட்டிய சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுறதுலாம் எனக்கு வராது. ரெண்டு நாளு, யாருக்கும் சோறாக்காம, சும்மா படுத்துக் கெடக்கணும். வரலாமா?"

தங்க வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தோம். அதில் முதல் பெயர் அவருடையது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாற்றுப்புடவை ஒன்றோடு வந்தார். உப்பு டப்பா எங்கே, புளி எங்கே என்று அவர் வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்தது. மூன்றாவது முறை போனை அணைத்துத் தலைமாட்டில் வைத்தார். ஞாயிறு காலை எட்டரை வரைக்கும் தூங்கினார். அன்று காபி போடுவது என் முறை.